ஏழாம் எண் கட்டம்

மேலிடத்துச் சுற்றறிக்கை வந்து பதினோரு நாளாயிற்று.
ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத்
தமிழ்ச் சொல் எழுதி அனுப்ப வேண்டும்.
பிரேக்கருக்கு எழுதிவிட்டேன். பியூஸுக்கும்.
ஏழாம் எண்ணில் நிற்கிறது
லைன்.

முதுநகர்த் துணைமின் நிலையத்தில்
இரவுப் பணிக்கு நான் ஒருத்திதான்.
உப்பனாற்றுக் காற்று ஜன்னல் வழியே வந்து
பேனல் மேல் பிசுபிசுக்கும்.
துறைமுகச் சந்திப்பில் சரக்கு வண்டி
லைன் கிடைக்காமல் நின்று கத்தும்.

எழுதி எழுதிப் பார்த்தேன்.
மின்பாதை என்றால்
சோனாங்குப்பத்திலிருந்து போன் போட்டு
"லைன் போயிருச்சும்மா" என்கிற அஞ்சலாட்சி
எந்தப் பாதையில் யார் போனது என்பாள்.
கம்பி என்றால் அதில் துணி காயும்.
தடம் என்றால் சிதம்பரம் லைனில் ஓடும் பஸ்ஸுக்கு ஆகும்,
"லைன்ல வாம்மா" என்கிற ரேஷன் கடைக்காரருக்கு ஆகாது.
அவருக்கு வரிசை தரலாம்.
வரிசை என்றதும் என் நாத்தனார்
தட்டு எத்தனை என்பாள்.
கோடு என்று எழுதி அடித்தேன்.
தேவனாம்பட்டினத்தில் வாலிபால் ஆடும் பையன்கள்
பந்து சுண்ணாம்பில் விழுந்தால்
"லைன்ரா, லைன்!" என்றுதான் சட்டையைப் பிடிக்கிறார்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கையில்
மஞ்சக்குப்பம் மைதானம் வரைக்கும் ஒருவன்
இரண்டு வருஷம் எனக்கு லைன் விட்டான்.
இப்போது பைனான்ஸில் லைன் பார்க்கிறான்.
செவ்வாய்க்கிழமை எங்கள் தெரு.
"நல்ல லைன்தாங்க, கமிஷன் உண்டு" என்றான்,
என் முகம் பார்க்காமல்
நோட்டில் டிக் அடித்துக்கொண்டே.
இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கடலுக்குப் போகிறவர்களுக்குத்
தண்ணீர் மேலேயே ஒரு லைன் உண்டாம்.
கண்ணுக்குத் தெரியாது, ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியும்.
தாண்டினால்
படகு வீடு வராது.

எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது.
லைன் கிளியர்.
நான் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்வார்,
பிறகுதான் கம்பத்தில் கால் வைப்பார்.
வேலை முடித்து இறங்கி
"லைன் ரிட்டர்ன் மேடம்" என்கிற வரைக்கும்
ஊரே திட்டினாலும் பிரேக்கரைத் தொடக் கூடாது.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
அக்கரைகோரிப் பக்கம் தென்னை சாய்ந்து
கலிவரதன் ஏறினார்.
ஒன்று பத்துக்கு லைன் கிளியர்.
ஒன்றரைக்கு டவர் போய்விட்டது.
என் போனில் லைன் இல்லை.
மேசைப் போன் செத்து ஆறு வருஷம்.

இரண்டு மணி. மூன்று.
வாட்ச்மேன் குடையோடு வந்து
"முடிச்சிருப்பாரும்மா, போட்டுடலாமே" என்றார்.
கேட்டுக்கு வெளியே யாரோ
கைக்குழந்தை அழுகிறதென்று கத்தினார்கள்.
கைப்பிடியைப் பூட்டிச்
சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
விடியும்போது உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது,
இருக்கிற ரேகைகளோடு
இன்னும் நாலாக.

அவர் வந்தது ஐந்தே முக்காலுக்கு,
சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு,
தொடை வரை சேறு.
வேலை ரெண்டு மணிக்கே முடிந்துவிட்டதாம்.
"நான் சொல்லாம நீங்க போட மாட்டீங்கன்னு தெரியும்.
அதான் ஓடி வரல மேடம், நடந்தே வந்தேன்."
நாலு மணி நேர இருட்டு, இந்த மனுஷனின் நடை!
திட்ட வாயெடுத்தேன்.
பதிவேட்டைத் தள்ளிவைத்தேன்.
சட்டையிலிருந்து சொட்டி
அவர் போட்ட கையெழுத்து நீலமாய்க் கலைந்தது.
"லைன் ரிட்டர்ன் மேடம்."
போனில் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.
நேருக்கு நேர் கேட்டது
அந்த ஒரு தடவைதான்.

ஏழாம் எண் கட்டத்தில்
லைன் என்றே எழுதி அனுப்பினேன்.
நேற்றுத் திரும்பி வந்துவிட்டது,
அதன் அடியில்
சிவப்பு மையில் ஒரு லைன்.